சுனோல் மலையில் ஒரு குலுக்கை

ஸ்ரீவில்லிபுத்தூரில் எங்கள் வீட்டு மொட்டை மாடியில் ஏறினால் மேற்கே மலை முழுசாகத் தெரியும். மேகம் எந்தப் பக்கம் இறங்குகிறது என்று பார்த்துத்தான் வற்றல் காயப் போடுவோம். அந்த மலையில் இடத்துக்கு இடம் பெயர் உண்டு. சதுரகிரிக்கு ஏறுகிறவர்கள் தாணிப்பாறையில் கால் வைத்தால் மாங்கனி ஓடை, வழுக்குப்பாறை, கோரக்கர் குகை, இரட்டை லிங்கம், பிலாவடிக் கருப்பு என்று பெயர் பெயராகத் தாண்டித்தான் சுந்தர மகாலிங்கத்திடம் போய்ச் சேர முடியும். எதிரே இறங்கி வருகிறவர் முன்பின் தெரியாதவராக இருந்தாலும், "இன்னும் கொஞ்ச தூரந்தான் சாமி" என்று சொல்லிவிட்டுத்தான் போவார்.

கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட் நகரத்தில் மகள் வீட்டுப் பால்கனியில் நின்றாலும் மலை தெரிகிறது. இங்கே அது கிழக்கே. மரம் அதிகம் இல்லாத, உருண்டு திரண்ட மலை. நான் வந்து இறங்கிய மார்ச் மாதத்தில் பச்சைப் பட்டை விரித்துப் போட்டதுபோல் இருந்தது. மே நடுவில் பச்சை வடிந்து வைக்கோல் நிறம் ஏறத் தொடங்கிவிட்டது. இந்த ஊருக்கு மழையே குளிர்காலத்தில்தான். கோடை முழுக்க வானம் வெறிச்சென்று கிடக்கும். நம் பக்கம் ஆனி ஆடிச் சாரலில் மலை பசக்கிற நேரத்தில் இங்கே மலை காய்ந்து சருகாகி நிற்கும்.

"அந்த மலைக்கு அந்தாண்ட என்னம்மா இருக்கு?" என்று மகளிடம் கேட்டேன்.

"சுனோல்னு ஒரு காடும்மா. ஒரு நாள் கூட்டிட்டுப் போறேன்."

"அங்க என்ன விசேஷம்?"

"ஒண்ணும் இல்ல. அதான் விசேஷம். கோயில் இல்ல, கடை இல்ல, வீடு இல்ல. வெறும் மலை."

ஒரு வியாழக்கிழமை பேத்தியைப் பள்ளியில் இறக்கிவிட்டு நாங்கள் இருவர் மட்டும் கிளம்பினோம். எலுமிச்சை சாதம், உருளைக்கிழங்கு வறுவல், ஊரிலிருந்து கொண்டுவந்த சாத்தூர் காராச்சேவு, நாலு பாட்டில் தண்ணீர்.

நீர்க் கோயில்

கோயில் இல்லை என்று சொன்னவளே முதலில் ஒரு கோயிலில்தான் காரை நிறுத்தினாள். ஃப்ரீமாண்டிலிருந்து ஒரு கணவாயைத் தாண்டி இறங்கினால் சுனோல் பள்ளத்தாக்கு. அங்கே நீண்ட நேர் சாலையின் முடிவில், வட்டமாகப் பன்னிரண்டு தூண்கள் சுமக்கிற ஒரு மண்டபம். உள்ளே சாமி கிடையாது. நடுவில் ஒரு தொட்டி. எட்டிப் பார்த்தால் அடியில் தண்ணீரின் இருட்டு.

சான்ஃபிரான்சிஸ்கோவுக்குக் குடிநீர் விற்ற ஸ்பிரிங் வேலி நிறுவனம் 1910-இல் கட்டியது இது. இத்தாலியில் திவோலியில் இருக்கும் பழைய ரோமானியக் கோயிலை மாதிரியாக வைத்து வில்லிஸ் போல்க் என்ற கட்டடக் கலைஞர் வரைந்து கொடுத்திருக்கிறார். இந்த மலைகளில் ஊறி வரும் தண்ணீரெல்லாம் இங்கே சேர்ந்து, வெள்ளை ஓடு பதித்த தொட்டியில் விழுந்து, அப்புறம் நகரத்துக்குப் போயிருக்கிறது. தண்ணீர் சேருகிற இடத்தில் கும்பிடத் தோன்றியிருக்கிறதே என்று எனக்கு அந்த மனிதர்கள் மேல் ஒரு பிரியம் வந்தது. பிளவக்கல் அணை நிரம்பினால் நாமும் மலர் தூவுகிறோம் அல்லவா.

அண்ணாந்து பார்த்தேன். கூரையின் உள்பக்கத்தில் குடம் ஏந்திய பூர்வகுடிப் பெண்களின் ஓவியங்கள். கழுத்து வலிக்கும்வரை பார்த்துக்கொண்டு நின்றேன். "இவங்க யாரு?" என்றேன். "ஓலோனி மக்கள்னு சொல்வாங்கம்மா. முன்ன இங்க இருந்தவங்க," என்றாள் மகள். 'முன்ன' என்ற அந்தச் சொல்லை அப்போது நானும் அப்படியேதான் எடுத்துக்கொண்டேன்.

அலமேடா ஓடை

பூங்காவின் வாசலில் கேட்ட முதல் சத்தம் மரங்கொத்தியினுடையது. இரண்டாவது, ஓடையினுடையது. அலமேடா ஓடை இந்த மலைகளிலிருந்து இறங்கி, நைல்ஸ் பள்ளத்தாக்கு வழியாக ஃப்ரீமாண்டைக் கடந்து, சான்ஃபிரான்சிஸ்கோ வளைகுடாவில் போய்ச் சேர்கிறது. கரையில் சிக்கமோர் மரங்கள். உரிந்து உரிந்து வெள்ளையும் சாம்பலுமாகத் திட்டுத்திட்டாக நிற்கும் அந்தப் பட்டையைத் தடவினால் நம் நீர்மருதைத் தடவின மாதிரியே வழுவழுப்பு. நான் முப்பத்திரண்டு வருஷம் தாவரவியல் சொல்லிக் கொடுத்தவள். புது ஊரில் முதலில் மரத்தோடுதான் பேச்சு வைத்துக்கொள்வேன்.

பாதையோரம் ஒரு செடியைத் தொடப் போனேன். மகள் கையைத் தட்டிவிட்டாள். "மூணு இலை இருந்தா தொடாதம்மா!" பாய்சன் ஓக். தொட்டால் உடம்பெல்லாம் கொப்புளம் கிளம்பும். எனக்கோ மூன்று இலை என்றால் வில்வம். கை தானாக நீளுகிறது. பெயரில் ஓக் என்று இருந்தாலும் ஓக்குக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை. அது மாமரத்தின், முந்திரியின், நம் சேங்கொட்டையின் குடும்பம். சேங்கொட்டைப் பால் பட்டுத் தோல் வெந்து போனவர்களை எங்கள் ஊரில் பார்த்திருக்கிறேன். அத்தனை தூரம் தள்ளி வந்தும் குணம் மாறவில்லை.

வழியில் இரும்புக் கேட்டுகள் வந்தன. திறந்து, நுழைந்து, மறுபடி சாத்திவிட்டுப் போக வேண்டும். மலை முழுக்கக் கறுப்பு மாடுகள் மேய்கின்றன. காய்ந்த புல் தீப்பிடித்து எரியாமல் இருக்க, மாடு மேயவிட்டுப் புல்லைக் குறைக்கிறார்கள். ஒரு பசு கன்றோடு பாதை நடுவிலேயே நின்றது. "ஹோய், ஒத்திப் போ தாயி," என்றேன். ஒதுங்கியது.

லிட்டில் யோசெமிட்டி

ஓடை குறுகி, வீடளவு பாறைகளுக்கு நடுவே நுழைந்து விழுகிற இடம் இது. புகழ்பெற்ற யோசெமிட்டியின் சின்ன உரு என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பாறைகள் பச்சையும் கருநீலமுமாக, எண்ணெய் தேய்த்தது போல் மினுங்குகின்றன. ஒருகாலத்தில் கடலடியில் கிடந்து, நசுங்கி, புரண்டு, மேலே வந்த கல். தண்ணீர் அதில் குழி குழியாகக் குடைந்து வைத்திருந்தது.

ஒரு குழிக்குள் கையை விட்டேன். முழங்கை வரை இறங்கியது. அடியில் நாலைந்து கூழாங்கல். ஓடை அந்தக் கற்களைச் சுழற்றிச் சுழற்றியே குழியை ஆழமாக்கியிருக்கிறது. வெளி விளிம்பு தேய்ந்து வழவழப்பாக, அம்மா வீட்டுப் பின்கட்டில் கிடந்த கல்லுரலின் விளிம்பு மாதிரியே இருந்தது. கை எடுக்க மனம் வரவில்லை.

நாங்கள் ஒரு பாறை நிழலில் உட்கார்ந்து ஆளுக்கு ஒரு பிடி காராச்சேவு தின்றுவிட்டு எழுந்தோம். ஏற்றம் இனிமேல்தான்.

செரோ எஸ்டே

செரோ எஸ்டே என்றால் ஸ்பானிய மொழியில் கிழக்குக் குன்று. ஐந்நூறு மீட்டர் அளவுதான் உயரம். ஆனால் ஏற்றம் செங்குத்து, நிழல் கிடையாது. இரண்டு பக்கமும் இடுப்பளவு புல், பாதி பச்சை, பாதி பொன். காற்று அடித்தால் மலையின் தோலே அலை அலையாக நகர்கிற மாதிரி இருக்கிறது.

அந்தப் புல்லை உற்றுப் பார்த்தேன். ஓட்ஸ். சர்க்கரைக்காரர்களுக்கு டாக்டர் எழுதிக் கொடுக்கிறாரே, அதன் காட்டுச் சாதி. மணி மணியாகத் தலை கவிழ்ந்து, ஒவ்வொரு விதைக்கும் வாலான் நெல்லைப் போல் ஒரு கறுத்த நீண்ட வால். கலிஃபோர்னியா என்றாலே படங்களில் காட்டுகிற பொன்மலை இருக்கிறதே, அந்தப் பொன்னில் பெரும்பங்கு இந்தப் புல்தான். இது இந்த மண்ணில் பிறந்தது இல்லை. ஸ்பானியர்கள் மாடும் தீவனமும் கொண்டு வந்தபோது மத்தியதரைக் கடல் பக்கத்திலிருந்து கூடவே வந்தது. இங்கே இருந்த பழைய புற்கள் கொத்துக் கொத்தாக வளர்ந்து வருஷக்கணக்கில் நிற்பவை. வேர் ஆழம் என்பதால் கோடையிலும் அடியில் பச்சை வைத்திருக்கும். இப்போது அவற்றைத் தேடிப் பிடிக்க வேண்டியிருக்கிறது.

மேலே ஒரு பெஞ்சு. அதில் ஏற்கெனவே ஒரு மூதாட்டி உட்கார்ந்திருந்தார். எழுபத்தைந்துக்கு மேல் இருக்கும். இரண்டு கைத்தடிகளைப் பெஞ்சில் சாய்த்துவிட்டு, நகர்ந்து எங்களுக்கு இடம் கொடுத்தார். நாற்பது வருஷமாக இந்த மலைக்கு வருகிறாராம். அவரும் ஓய்வுபெற்ற ஆசிரியை என்று தெரிந்ததும் எனக்குக் கூச்சம் விட்டுப் போயிற்று. நான் தமிழும் உடைந்த ஆங்கிலமுமாக, மகள் நடுவில் மொழிபெயர்க்க, பேச்சு நீண்டது. காராச்சேவை நீட்டினேன். கண்ணில் தண்ணீர் வர வர, இன்னும் கொஞ்சம் என்று கேட்டு வாங்கினார். உலர்ந்த சர்க்கரைப் பாதாமி எங்களுக்குக் கொடுத்தார்.

தெற்கே தொலைவில் ஒரு நீல நீர்ப்பரப்பு. கலவேராஸ் நீர்த்தேக்கம் என்றார். கலவேராஸ் என்றால் மண்டையோடுகள். பழைய அணை 1925-இல் கட்டி முடித்தது. நிலநடுக்கத்துக்குத் தாங்காது என்று பக்கத்திலேயே புது அணை கட்டி 2019-இல் முடித்தார்கள்.

"1925-ல இன்னொண்ணும் நடந்துச்சு," என்று அவர் சொன்னதை மகள் எனக்குச் சொன்னாள். ஆல்ஃபிரெட் குரோபர் என்ற பெரிய மானுடவியலாளர் அந்த வருஷம் கலிஃபோர்னியப் பூர்வகுடிகளைப் பற்றித் தடித்த புத்தகம் ஒன்று வெளியிட்டார். இந்தக் கடற்கரை மலைகளின் மக்கள் நடைமுறையில் அற்றுப் போய்விட்டார்கள் என்று அதில் எழுதிவிட்டார். அதற்கு இரண்டு வருஷம் கழித்து அரசாங்கமும் அவர்களைத் தன் கணக்கிலிருந்து விட்டுவிட்டது. அவர் அப்படி எழுதிய நாளில், அதோ அந்தப் பள்ளத்தாக்கில், ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில், அந்த மக்கள் குடும்பம் குடும்பமாக வாழ்ந்துகொண்டிருந்தார்கள். மூதாட்டி கைத்தடியால் வடக்கே காட்டினார். நாங்கள் காலையில் நின்ற நீர்க் கோயிலின் திசை.

அங்கேதான் தோண்டியிருக்கிறார்கள். முவெக்மா ஓலோனி மக்களும் கூட நின்று நடந்த அகழாய்வு. தோண்டிய இடத்துக்கு அவர்கள் தங்கள் சோச்சென்யோ மொழியில் பெயர் வைத்தார்கள். தண்ணீர் வட்டவீடு இருந்த இடம் என்று அதற்குப் பொருள். புதைந்திருந்தவர்களின் மரபணுவையும் இன்று உயிரோடு இருக்கும் முவெக்மா மக்களின் மரபணுவையும் ஒப்பிட்டு 2022-இல் ஆய்வு முடிவு வந்தது. ஏறத்தாழ இரண்டாயிரம் வருஷத் தொடர்ச்சி. அற்றுப் போனவர்கள் என்று எழுதப்பட்டவர்கள், தங்கள் கொள்ளுப்பாட்டன்களின் எலும்பைக் கொண்டு நாங்கள் இருக்கிறோம் என்று நிரூபிக்க வேண்டியிருக்கிறது. எனக்குத் தொண்டை அடைத்தது. கீழடியில் ஒரு பானை ஓட்டில் கீறிய எழுத்தைப் பார்த்துவிட்டு நாம் எவ்வளவு பூரித்தோம். நம்மை யாரும் அற்றுப்போனவர்கள் என்று எழுதவில்லை. அப்படியும் அந்தப் பூரிப்பு.

குகைப் பாறைகள்

மறுபக்கம் இறங்கினால் குகைப் பாறைகள். மூதாட்டியும் பாதி தூரம் கூடவே வந்தார். ஓரிடத்தில் நின்று, காய்ந்த ஒரு பெரிய ஓக் மரத்தைக் காட்டினார்.

மரத்தின் உடம்பு முழுக்க ஓட்டை. விரல் நுனி அளவில், வரிசை வரிசையாக, அடிமரத்திலிருந்து உச்சிவரை. சிலவற்றில் ஓக் கொட்டை தலைகீழாக அடித்து இறுக்கியிருந்தது. பெரும்பாலானவை காலி. இந்த ஊர் மரங்கொத்தி குடும்பமாக வாழ்கிற பறவை. இலையுதிர்காலத்தில் கொட்டைகளைப் பொறுக்கி வந்து ஒவ்வொன்றுக்கும் அளவெடுத்த மாதிரி ஓட்டை பார்த்துச் செருகி வைக்கிறது. கொட்டை காய்ந்து சுருங்கித் தளர்ந்தால் அதைப் பிடுங்கிச் சின்ன ஓட்டையில் மாற்றி அடிக்கிறது. ஒரே மரத்தில் ஆயிரக்கணக்கில். தாத்தா துளைத்த ஓட்டையில் பேரன் நிரப்புகிறான். நாங்கள் நிற்கும்போதே சிவப்புத் தொப்பியும் வெள்ளை முகமுமாக ஒன்று வந்து உட்கார்ந்து எங்களைத் திட்டியது.

"குலுக்கை," என்றேன். மகளுக்கு அந்தச் சொல் தெரியவில்லை. ஆத்தா வீட்டில் கம்பும் சோளமும் கொட்டி வைக்கிற ஆளுயர மண் குலுக்கையை அவள் பார்த்ததில்லை. அந்த மரத்தைக் காட்டியே விளக்கினேன்.

இந்தக் கொட்டைதான் மனிதர்களுக்கும் இங்கே சோறாக இருந்திருக்கிறது. பொறுக்கி, காயவைத்து, ஓடு உடைத்து, பாறை உரலில் இடித்து மாவாக்குவார்கள். அப்படியே தின்றால் நாக்கு இழுத்துக்கொள்ளும் துவர்ப்பு. மணலில் குழி செய்து மாவைப் பரப்பி, மேலே தண்ணீரை ஊற்றி ஊற்றிக் கசப்பு முழுக்க இறங்கும்வரை அலசுவார்கள். பிறகு தண்ணீர் ஒழுகாதபடி பின்னிய கூடையில் மாவைக் கரைத்து, நெருப்பில் பழுத்த கல்லைப் போட்டுக் கிண்டினால் கஞ்சி. பஞ்ச காலத்தில் மாங்கொட்டைப் பருப்பை இடித்து அலசிக் கஞ்சி வைத்த கதையை ஆத்தா சொல்லிக் கேட்டிருக்கிறேன். அதே கை, அதே வேலை. பெர்க்லியில் வின்சென்ட் மெடினா, லூயிஸ் டிரெவினோ என்ற ஓலோனி இளைஞர்கள் இருவர் 2018-இல் தொடங்கிய உணவகத்தில் இந்தக் கஞ்சியைத் தான் குடித்ததாக மூதாட்டி சொன்னார். கசப்பே இல்லையாம். அவர்கள் பேச்சும் அப்படி மீண்டு வருகிறது. நூறு வருஷத்துக்கு முன் கிழவிகளிடமும் கிழவர்களிடமும் உட்கார்ந்து ஹாரிங்டன் என்பவர் எழுதி வைத்த குறிப்புகளிலிருந்து சொல் சொல்லாக எடுத்து, பேசக் கற்றுக்கொள்கிறார்கள்.

இந்த மலையில் அவர்கள் தீ வைத்துப் புல்லை ஆண்டிருக்கிறார்கள். பார்த்து, காலம் அறிந்து வைக்கும் தீ. கிழட்டுப் புல் எரிந்தால் விதை தரும் செடி முளைக்கும், மான் வரும். 1793-இல் ஸ்பானிய ஆளுநர் அரியாகா அதைத் தடை செய்தார். 1797-இல் இன்றைய ஃப்ரீமாண்டில் மிஷன் சான் ஹோசே தேவாலயம் எழுந்தது. மலையில் இருந்தவர்கள் அங்கே கொண்டுபோகப்பட்டார்கள். நோயில் கொத்துக் கொத்தாகச் செத்தார்கள். அப்புறந்தான் இந்த மலை வெறும் மலை ஆயிற்று. இங்கே பெயர்ப்பலகையில் எழுதியிருக்கும் 'காடு' என்ற சொல்லுக்குக் கீழே ஒரு ஊர் இருக்கிறது.

எனக்கு எங்கள் ஊர்ப் பக்கத்துச் செண்பகத்தோப்பு நினைவு வந்தது. அங்கே பளியர் குடியிருப்பில் ஒரு அம்மா, என் மாணவியின் தாய், வள்ளிக்கிழங்கு தோண்டப் போகும்போது கொடியின் அடியில் ஒரு துண்டை விட்டுவிட்டு மண்ணை மூடுவார். "அடுத்த வருஷத்துக்கு டீச்சர்," என்பார். அவர் அப்படிப் பார்த்துக்கொண்ட மலைக்கு நாங்கள் சரணாலயம் என்றும் புலிகள் காப்பகம் என்றும் பலகை வைத்தோம். வகுப்பில் நானும் அந்தப் பெயர்களைத்தான் சொல்லிக் கொடுத்தேன். அந்த அம்மாவின் கிழங்கைப் பற்றி ஒரு நாளும் பாடம் எடுக்கவில்லை. அது என் மனதில் கிடந்து உறுத்துகிறது.

இண்டியன் ஜோ ஓடை

இறக்கம் முழுக்க நிழல். ஓடையை இப்படியும் அப்படியுமாகத் தாண்டித் தாண்டிப் பாதை போகிறது. இதற்கு இண்டியன் ஜோ ஓடை என்று பெயர். ஒரு பூர்வகுடி மனிதரின் நினைவாக. அவரை மற்றவர்கள் கூப்பிட்ட பெயர் அது. அவர் தாய் கூப்பிட்ட பெயர் வரைபடத்தில் இல்லை. மகளிடம் அதைச் சொன்னேன். அவள் நின்று, ஓடையைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு நடந்தாள். அதன்பிறகு கீழே வரும்வரை நாங்கள் பேசவில்லை.

கீழே ஓடைக்கரை மேசையில் ஒரு மெக்சிகோக் குடும்பம். எலுமிச்சை சாதத்தைத் திறந்ததும் தாளித்த கறிவேப்பிலை வாசம் அவர்களைத் திரும்ப வைத்தது. கொஞ்ச நேரத்தில் அந்த வீட்டுப் பாட்டி எழுந்து வந்து, மக்காச்சோள மட்டையில் பொதிந்த தமாலே இரண்டைத் தட்டில் வைத்தார். மட்டையைப் பிரித்தால் ஆவியில் வெந்த மாவு, உள்ளே மிளகாயும் பீன்ஸும். நம் இலைக் கொழுக்கட்டைக்கு ஒன்றுவிட்ட தங்கை. சோளத்தைச் சுண்ணாம்புத் தண்ணீரில் வேகவைத்து, தோல் நீக்கி அரைப்பார்களாம். அரைப்பதைக் கையை முன்னும் பின்னும் ஓட்டிக் காட்டினார். அம்மி. நான் என் கையை அதே மாதிரி ஓட்டிக் காட்டினேன். அவருக்கு என் மொழி தெரியாது, எனக்கு அவர் மொழி தெரியாது. இரண்டு பேரும் மேசையில் இல்லாத அம்மியை அரைத்துக்கொண்டு சிரித்தோம்.

ஃப்ரீமாண்ட்

சாயங்காலம் பால்கனியில் உட்கார்ந்து காலுறையில் ஏறியிருந்த விதைகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தேன். காட்டு ஓட்ஸின் வால் துணிக்குள் தைத்து உள்ளே உள்ளே போயிருந்தது. எங்கள் ஊர் ஊசிப்புல்லும் இதே வேலைதான் செய்யும். பேத்தி வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"என்ன அம்மாச்சி பண்ற?"

"கையை நீட்டு. ஒண்ணு காட்டறேன்."

ஒரு விதையை அவள் உள்ளங்கையில் வைத்தேன். கறுத்த வால், கீழ்ப்பாதி கயிறு மாதிரி முறுக்கி, நடுவில் முழங்கை போல் மடிந்திருந்தது. விரலைத் தம்ளரில் நனைத்து அதன் மேல் ஒரு சொட்டு விட்டேன். இரண்டு பேரும் மூச்சை அடக்கிக்கொண்டு பார்த்தோம். முதலில் ஒன்றும் இல்லை. அப்புறம் முறுக்கு மெல்லப் பிரியத் தொடங்கியது. மடிந்த நுனி கடிகார முள்ளைப் போல் அவள் கையில் ஒரு வட்டம் போட்டது. மழை பட்டால் வால் பிரிந்து சுற்றும், வெயில் பட்டால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். சுற்றிச் சுற்றியே விதை தன்னை மண்ணுக்குள் திருகிக்கொள்ளும்.

"உயிரோட இருக்கா?" என்றாள் பேத்தி, குரலைத் தாழ்த்தி.

"இருக்கு."

"இன்னொரு சொட்டு, அம்மாச்சி."

மலைக்குப் பின்னாலிருந்து இருட்டு இறங்கிக்கொண்டிருந்தது. நான் விரலை நனைத்தேன்.